கையில் இல்லாததை எவனும் காட்டிக்கொடுக்க முடியாது

தனியுரிமை என்று வாயைத் திறந்தாலே நம் தோழர்கள் இரண்டு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒன்று: "நம்மகிட்ட மறைக்க என்ன தோழர் இருக்கு?" இன்னொன்று: "குடிக்கிற தண்ணித் தொட்டியில பீயக் கலக்குறான், நீங்க செல்போனப் பத்திப் பேசுறீங்க. இதெல்லாம் வயிறு நெறஞ்சவன் பிரச்சினை." இரண்டும் தப்பு என்கிறேன். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நடந்தது எனக்கும் தெரியும். அந்தக் கோபம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

மறைக்க ஒன்றுமில்லை என்று யாரால் சொல்ல முடியும்? பேர், ஊர், தெரு, அப்பன் பேர் நாலையும் சொன்னால் மரியாதை கூடுகிறவனால் முடியும். அதே நாலையும் நாம் சொன்னால், காலியாக இருந்த வாடகை வீடு "இப்பத்தான் தம்பி முடிஞ்சிருச்சு" என்று ஆகிவிடுகிறது. இளவரசனையும் கோகுல்ராஜையும் சங்கரையும் புதைத்த மண் இது. இங்கே சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியின் முகவரி வெறும் முகவரியா? கேரளாவில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் கொடுத்த நோட்டீஸ்களை அரசாங்கத்தின் இணையதளத்திலிருந்தே எடுத்து, போட்டோவோடும் விலாசத்தோடும் மதவெறிக் கும்பல் பரப்பியது. 2020-இல்தான் அந்த அரசு இணையத்தில் போடுவதை நிறுத்தியது.

சாதியை ஒளித்துவை என்று நான் சொல்லவில்லை. "ஆமாண்டா, நான் சேரிக்காரன்தான்" என்று மேடையில் நின்று சொல்வது நம் அரசியல். அதை நானாகச் சொல்வது வேறு. எனக்குத் தெரியாமல் ஒருவன் எழுதி வைத்துக்கொண்டு மூணாவது ஆளுக்கு விற்பது வேறு.

பட்டியல் போட்டால் என்ன நடக்கும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஜனங்கள் அதற்கு வைத்த பேர் கைரேகைச் சட்டம். குறவர், கள்ளர் என்று சாதியின் பேரைச் சொல்லி ரேகை வாங்கினான். ராத்திரியானால் போலீஸ்காரன் முன்னால் ஆஜராக வேண்டும். குற்றம் செய்தானா என்று யாரும் கேட்கவில்லை. பேர் ஏட்டில் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த ஏட்டை நாமே நிரப்பிக் கொடுக்கிறோம். வேலை தேடும் ஆப், வரன் தேடும் ஆப், கடன் கொடுக்கும் ஆப் என்று எங்கே போனாலும் போன் நம்பர், சாதி, மாவட்டம், அப்பாவின் வருமானம்.

இது வயிறு நிறைந்தவன் பிரச்சினை என்கிற தோழருக்கு ஒரு சேதி. 1947 மார்ச்சில் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பாக அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், மக்களின் உடம்பும் வீடும் காகிதங்களும் உடைமைகளும் நியாயமில்லாத சோதனைக்கும் பறிமுதலுக்கும் ஆளாகக் கூடாது என்று ஒரு உரிமை இருக்கிறது. காகிதங்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். குடிசையையும் காகிதத்தையும் ஒரே வரியில் வைத்துப் பேசினார் அவர். அந்த உரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெறாமலே போனது. தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொல்ல 2017 ஆகஸ்ட் 24 வரை எழுபது வருசம் ஆயிற்று.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது? 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் "சாதி அல்லது பழங்குடி" என்பது கூடுதல் பாதுகாப்புத் தர வேண்டிய நுண்ணிய தகவல்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. 2022-இல் அந்த மசோதாவையே திரும்பப் பெற்றார்கள். 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே கிடையாது. சாதியும் ஒன்றுதான், நீ எந்தச் சோப்பு வாங்குகிறாய் என்பதும் ஒன்றுதான். சட்டத்தை மீறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பணம் அரசாங்கத்தின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவளுக்கு இழப்பீடு என்று அந்தச் சட்டத்தில் ஒரு பைசா இல்லை. பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் அவளுக்குப் பத்தாயிரம் வரை அபராதம்!

இதைவிடப் பெரிய களவு ஒன்று உண்டு. இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. "தனிப்பட்ட தகவல்" என்று சொல்லிவிட்டால் அதிகாரி இனி எதையும் தராமல் இருக்கலாம். தொகுப்பு வீடு யாருக்குப் போனது, பஞ்சமி நிலம் யார் பேரில் இருக்கிறது என்று மனுப் போட்டுக் கண்டுபிடித்தவர்கள் நாம். பொதுநலனுக்காகத் தரலாம் என்று 8(2) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீடு, ஆணையம் என்று வருசக்கணக்கில் நடக்க வேண்டும். நம்மைப் பாதுகாக்க வேண்டிய சொல்லைத் திருடி, தாசில்தாருக்கு முகமூடி தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. எவனை நம்பலாம் என்று நாமே எடைபோடப் பழக வேண்டும். நான் மாணவர்களுக்குச் சொல்வது மூன்று கேள்வி.

முதல் கேள்வி: என்ன எடுக்கிறான்? கடன் கொடுக்கிற ஆப்புக்கு உன் போனில் இருக்கும் அத்தனை நம்பரும் போட்டோவும் எதற்கு? தவணை தவறினால் உன் அத்தைக்கும் வாத்தியாருக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தத்தான். எத்தனையோ பேர் மானம் போய்ச் செத்த பிறகு, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்றது. கேட்கிற வேலைக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்கிறவனை நம்பாதே.

இரண்டாவது கேள்வி: எப்படிப் பிழைக்கிறான்? ஓசியில் கொடுக்கிறவன் எதை விற்றுச் சாப்பிடுகிறான்? ஃபேஸ்புக்கில் ஒரு விளையாட்டுக் கேள்வித்தாள் ஆப்பைச் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர்தான் நிறுவினார்கள். அவர்களுடைய நண்பர்களையும் சேர்த்து 8 கோடியே 70 லட்சம் பேர் வரை தகவல் தேர்தல் வேலை பார்க்கும் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குப் போனது. 2018-இல் அம்பலமாயிற்று. ஒருத்தன் கதவைத் திறந்து வைத்தால் தெருவே களவு போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மூன்றாவதுதான் தலையாய கேள்வி: போலீஸ் கேட்டால் எதைக் கொடுப்பான்? அவன் நல்லவனா கெட்டவனா என்று பார்க்காதே. அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார். 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் சிக்னல் செயலியிடம் இரண்டு போன் நம்பர்களைப் பற்றிக் கேட்டது. கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறெதையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்தியை நடுவில் இருக்கும் கம்பெனி படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியும். அது ஃபேஸ்புக் முதலாளியின் சொத்து. டெலிகிராம் ரகசியமானது என்று நம் பையன்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதன் சாதாரண உரையாடலும் குழுக்களும் அந்தக் கம்பெனியின் சர்வரில் கம்பெனியே திறக்கக்கூடிய மாதிரிதான் இருக்கின்றன. அதன் முதலாளி 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் போன் நம்பரையும் ஐபி முகவரியையும் தருவோம் என்று விதியை மாற்றிக்கொண்டது. நேற்றைய வீர வசனம் இன்றைக்கு எடுபடாது. கையில் இல்லாததை மட்டும்தான் எவனும் காட்டிக்கொடுக்க முடியாது.

இத்தனையும் பார்த்துவிட்டுப் போனைக் கோட்டை விட்டால் பிரயோசனமில்லை. 2019-இல் பெகாசஸ் உளவு மென்பொருள் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகச் சுமார் 1,400 பேரின் போனைக் குறிவைத்தது. எச்சரிக்கை வந்த இந்தியர்களில் ஆனந்த் தெல்தும்ப்டேயும் ஒருவர். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கம்ப்யூட்டரை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021-இல் சொன்னது என்ன? 2016-இல் ஒரு மின்னஞ்சல் வழியாக உளவு மென்பொருள் உள்ளே இறங்கியது, அதை வைத்து அவருக்குத் தெரியாமலே கடிதங்கள் உள்ளே வைக்கப்பட்டன என்றது. தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கம்ப்யூட்டரிலும் அப்படியே என்றது. தகவலைத் திருடுவது ஒரு பக்கம். நீ எழுதாததை உன் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போவது இன்னொரு பக்கம். தெரிந்தவர் பேரில் வந்தாலும் கேட்காத கோப்பைத் திறக்காதே. போன் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதே. ஓடிபி-யை அண்ணன் கேட்டாலும் கொடுக்காதே.

இப்போது நம் வீட்டுக் குப்பைக்கு வருகிறேன். போன வருசம் ஒரு பயிற்சி முகாமின் பதிவுப் பட்டியல் என் கண்ணில் பட்டது. எந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன். இருநூறு பிள்ளைகளின் பேர், உட்சாதி, கிராமம், போன் நம்பர், சாதிச் சான்றிதழின் படம். இணைப்பு கிடைத்த எவனும் திறக்கலாம். முகாம் முடிந்து ஐந்து மாதம் ஆகியும் அப்படியே கிடந்தது. பொறுப்பாளரைக் கேட்டால், "இருக்கட்டும் தோழர், பின்னாடி உதவும்" என்கிறார். யாருக்கு உதவும்? பொம்பளைப் பிள்ளைகளின் நம்பரை ஆயிரம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவிழ்த்து விடுகிறோம். அதில் ஒருத்தன் எதிரியாக இருந்தால் போதும். முதலாளியிடம் கேட்கிற மூன்று கேள்வியையும் நம் அமைப்புகளிடமும் கேட்க வேண்டும். தேவையானதை மட்டும் வாங்கு. ஒருவர் பொறுப்பில் பூட்டி வை. வேலை முடிந்ததும் அழி.

"சாதிவாரிக் கணக்கெடுப்பு கேக்குறதும் நீங்கதான், சாதியை எழுதாதேங்குறதும் நீங்கதானா?" என்று மடக்க நினைப்பார்கள். பதில் லேசு. எத்தனை பேர் என்று எண்ணு. யார் யார் என்று ஊருக்குக் காட்டாதே. 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்புப் பதிவேட்டை யாரும் பார்க்க முடியாது, சாட்சியமாகவும் கொண்டுவர முடியாது என்கிறது. எண்ணிக்கை வெளியே வரும், பேர் உள்ளேயே இருக்கும். அரசாங்கத்துக்கு இந்த வித்தை தெரியும். 2023-இல் செய்ய மனசில்லை, அவ்வளவுதான்.

சாதியை நுண்ணிய தகவலாகச் சட்டத்தில் திரும்ப எழுது. அபராதப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடு. தகவல் உரிமைச் சட்டத்தில் வெட்டியதை ஒட்டு. இந்த மூன்றும் டெல்லியிடம் கேட்க வேண்டியவை; அதற்கு ஊர்வலமும் வழக்கும் வேண்டும். பழைய முகாம்களின் பட்டியலை அழிப்பதற்கு டெல்லி வேண்டாம். பொறுப்பில் இருக்கிற தோழர்கள் இன்றைக்கு ராத்திரியே செய்யலாம்.