கேள்விக்கு ஒரு நூலகர் வேண்டும்

“எல்லாம்தான் போனிலேயே இருக்கிறதே, இனி நூலகர் எதற்கு?” படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். நூலகம் என்றால் நாளிதழ் புரட்டவும் போட்டித் தேர்வுக்குப் படிக்கவும் மின்விசிறிக்குக் கீழே ஓர் இருக்கை. தகவல் வேண்டுமென்றால் கூகுள். இந்த நம்பிக்கை தவறானது. இதனால் அதிகம் இழப்பவர்கள், பெரிய நூலகங்களுக்கு எளிதில் போய்வர முடியாத சிற்றூர் மக்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்து அச்சரப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர் மாணவி ஒருத்தி ஆட்சீஸ்வரர் கோயிலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் தட்டியதும், முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு முறிந்த தலபுராணக் கதை வரிசையாக வந்து விழும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பக்கங்கள் அவை. அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன என்று அறிய, தொல்லியல் துறையின் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளுக்கும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளுக்கும் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியின் நிலவரி, ஏரிப்பாசனம், குடிகளின் நிலை ஆகியவற்றுக்கு, சி.எஸ். குரோல் தொகுத்து 1879-இல் வெளிவந்த செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டைத் திறக்க வேண்டும்.

இத்தகைய பழைய நூல்கள் பல ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்திலேயே கிடக்கின்றன. ஆனாலும் அவள் கைக்கு வருவதில்லை. அச்சரப்பாக்கம் என்றும் அச்சிறுபாக்கம் என்றும் ஊர்ப்பெயரை எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அது இன்னும் பலவாகிறது. ஒன்றைத் தட்டினால் மற்றது அகப்படும் என்று சொல்வதற்கில்லை. மாவட்டப் பெயரும் நிலையாக இருக்கவில்லை. 1997-இல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிந்தபோது ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பரில் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. எந்த ஆண்டு ஆவணத்தை எந்தப் பெயரில், எந்தத் தொகுதியில் தேடுவது என்று தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவர்தான் ரெஃபரன்ஸ் நூலகர்.

அவர் வேலை புத்தகம் எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. வருகிறவர் மனத்தில் உள்ளதும் வாயில் வருவதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. “கோயில் வரலாறு வேண்டும்” என்று வருபவருக்கு, கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைப் பற்றிய கல்வெட்டுதான் தேவையாக இருக்கலாம். எந்தக் காலம், எதற்காக, எவ்வளவு விரிவாக என்று திருப்பிக் கேட்டு, உண்மையான கேள்வியை வெளியே கொண்டுவருகிறார் நல்ல நூலகர். தேடுபொறிக்கு நாம் தட்டியதுதான் கேள்வி.

“செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது திருப்பியும் கேட்கும்” என்பார்கள். கேட்கும்தான். ஆனால் இல்லாத நூலையும் இல்லாத ஆசிரியரையும் அது உறுதியான குரலில் சொல்லிவிடுவது உலகறிந்த குறை. எழுத்துச் சான்றுகள் இணையத்தில் குறைவாக உள்ள சிற்றூர்களின் விஷயத்தில் அந்த ஆபத்து கூடுதல். நூலகர் தரும் விடையில் நூற்பெயர் இருக்கும், பக்க எண் இருக்கும். ஐயமென்றால் யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

நூலகங்களின் இணையவழிக் கேள்வி–பதில் சேவை காலாவதியாகிவிட்டது என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கிய ‘இணையப் பொது நூலகம்’ மூடப்பட்டது உண்மை. அதே அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் ‘நூலகரைக் கேளுங்கள்’ என்ற சேவையைத் தொடர்கிறது. ஜப்பானின் தேசிய நூலகம், பல நூலகங்களுக்கு வந்த கேள்விகளையும் அவற்றுக்கு விடை தேடிய வழிகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து 2005 முதல் மக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது.

மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கவும் முடியாது. ரெஃபரன்ஸ் பணியை நூலகத்தின் உயிராகக் கருதிய எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்கிறது. உடனே விடை சொல்லக்கூடிய கேள்விகளையும் நாள்கணக்கில் தேட வேண்டிய கேள்விகளையும் தனித்தனியே வகுத்து, இரண்டுக்கும் நூலகரே பொறுப்பு என்றவர் அவர்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948-இல் இயற்றியதும் சென்னை மாகாணம்தான். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியையும் மக்கள் கட்டுகிறார்கள். அச்சரப்பாக்கம் பேரூராட்சி மக்களும் கட்டுகிறார்கள். இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் கன்னிமாரா நூலகம் சென்னையில் இருக்கிறது. 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் அங்கேதான். அச்சரப்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர். ஒரு பக்கத்தைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்துதான் போய்வர வேண்டுமென்றால், அந்த நூல் யாருக்காக அங்கே இருக்கிறது?

செய்ய வேண்டியது எளிது. கிளை நூலகத்தில் ஒரு கேள்விப் பதிவேடு. மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு மின்னஞ்சல். அங்கே பயிற்சி பெற்ற ரெஃபரன்ஸ் நூலகர் ஒருவர். அவரால் முடியாததைக் கன்னிமாராவுக்கு அனுப்பும் ஏற்பாடு. பதிப்புரிமை இடம் தந்தால் பக்கத்தின் படம், இல்லையென்றால் நூலின் முழு விவரம். பதில் தரக் காலவரம்பு. கேட்டவர் பெயரை நீக்கிவிட்டு, கேள்வியும் விடையும் அடுத்தவருக்குப் பயன்படும்படி சேமிப்பு. இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

“போன் இருக்கிறதே” என்ற பேச்சு அந்தச் சம்பளத்தைத் தவிர்க்கக் கிடைத்த சாக்கு. அதை இனி நாம் ஏற்கக் கூடாது. வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் நூலகத்துக்கே வீட்டிலிருந்தபடி கேள்வி அனுப்ப முடிகிற காலத்தில், தன் குடும்பம் வரி கட்டும் நூலகத்திடம் அதே வசதியைக் கேட்க அச்சரப்பாக்கத்து மாணவிக்கு முழு உரிமை உண்டு.