பெயரைக் கண்டு மயங்கற்க!

மேனிலைப் பள்ளிக் கல்வியை முடித்துப் பொறியியற் கல்லூரி வாயிலில் நிற்கும் தமிழிளைஞர் பலர் இற்றை நாளில் எந்திரனியலை நாடுகின்றனர். அவா நன்றே. ஆயின், அப்பெயர் தாங்கிய பட்டப்படிப்பு ஒன்றே அதற்கு வழியென எண்ணுவது பிழை.

எந்திரனுக்கு உடல் உண்டு, புலன் உண்டு, உன்னும் திறனும் உண்டு. உடலை ஆக்குவது எந்திரவியல், புலனும் நரம்புமாய் நிற்பன மின்னியலும் மின்னணுவியலும், உன்னுவிப்பது கணினியியல். ஒரு பொருளை வேண்டிய இடத்தில் வேண்டியவாறு நிறுத்த, இடத்திற்கு மூன்றும் சாய்விற்கு மூன்றுமாக ஆறு இயக்கங்கள் வேண்டும். தொழிலக எந்திரக் கைகள் பலவும் ஆறு மூட்டுகள் உடையனவாதற்குக் கரணியம் இதுவே. அம்மூட்டுகளின் கோணங்களை அறிய அணிக் கணக்கும், அசைவை அடக்கியாள வகையீடும் தொகையீடும் வேண்டும். இவ்வனைத்தையும் மேலாகத் தொட்டுச் செல்வதினும், ஒரு வேரை ஆழப் பற்றுவதே மேல்.

ஆகலின், மூன்றனுள் உன் உள்ளம் எதில் ஒன்றுகிறதோ அதனைத் தேர்க. ஏனை இரண்டையும் விருப்பப் பாடங்களாலும் கைவேலையாலும் நிரப்புக. ஆழ்ந்த பாடத்திட்டமும் நல்ல பணிமனையும் இருப்பின் எந்திரனியற் பட்டமும் தள்ளத்தக்கதன்று. பெயர்ப்பலகையைப் பாராதே, பாடப்பட்டியலைப் பார்!

எந்திரனைக் குறிக்கும் 'உரோபோ' எனும் சொல், செக் எழுத்தாளர் கரேல் சாபெக்கு 1920-இல் வெளியிட்ட நாடகத்தால் உலகிற்கு வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். 1961-இல் அமெரிக்கத் தொழிலகமொன்றில் 'யுனிமேட்டு' எனும் எந்திரன், சுடும் மாழை வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலையை ஏற்றது. மாந்தனைக் கொடிய உழைப்பினின்று மீட்க வந்த கருவியைப் பிறரிடம் விலைக்கு வாங்கி, அதனை முடுக்க மட்டும் தமிழன் கற்பானாயின், கட்டாய உழைப்பாளி எவன்? எந்திரனா, அவனா?

சப்பானியரும் செருமானியரும் தத்தம் மொழியிற் கற்றே இத்துறையில் முன்னின்றனர். இங்கோ, அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் எந்திரவியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023-இல், மாணவர் சேர்க்கை குறைவெனக் கூறி, உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் நிறுத்துவதாக அறிவித்துப் பின் அதனைத் திரும்பப் பெற்றது. வயலுக்கு நீர் பாய்ச்சாது விளைச்சல் இல்லை என்பதா? தமிழ்வழிக் கற்பவனுக்கு நல்ல நூலும் உரிய வேலையும் தருக! சேர்க்கை தானே பெருகும்.

இளைஞனே! வேரைப் பற்று, கையால் ஆக்கு, ஆக்கியதைத் தமிழில் எழுது. உனக்குப் பின் வருபவன் அந்நூலைத் தேடுவான்.