சட்டமும் குடும்பமும்: கொடையும் வரியும்



குடும்பத்துக்குள் கைமாறும் பணத்துக்கும் வீட்டுக்கும் வரி உண்டா என்னும் ஐயம் பலருக்கு எழுகின்றது. கொடுப்பவர் செலுத்தவேண்டியிருந்த கொடை வரி, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து, 1998 அக்டோபரில் ஒழிந்தது. இறந்தவர் சொத்தின் மீதான மரண வரி 1985இலேயே நீங்கிற்று. இன்று அக்கேள்வி பெறுபவரைப் பற்றியதே.

ஓராண்டில் ஒருவர் இனாமாகப் பெறும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், மிகுதி மட்டுமன்று, முழுத்தொகையும் அவருடைய வருமானத்தில் சேரும். ஆயினும் உறவினர் தருவதற்கும், பெறுபவரின் திருமணத்தின்போது வருவதற்கும், உயிலாலோ வாரிசுரிமையாலோ கிடைப்பதற்கும் இவ்விதி பொருந்தாது.

உறவினர் எவர்? பெறுபவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பாட்டன் பாட்டி, மக்கள், பேரர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணையின் உடன்பிறந்தோர், இவர்களின் துணைவர் முதலியோர். உடன்பிறந்தாரின் மக்கள் இப்பட்டியலில் இல்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். அண்ணன் மகனின் படிப்புக்காகச் சிற்றப்பா 3 இலட்சம் ரூபாய் அளிக்கிறார். அவர் பையனுடைய தந்தையின் உடன்பிறந்தவராதலால் வரி இல்லை. பத்தாண்டுகள் கழித்து, வேலையிலமர்ந்த அதே பையன் சிற்றப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு 3 இலட்சம் ரூபாய் தருகிறான். இப்போது பெறுபவர் சிற்றப்பா. அவருக்கு அண்ணன் மகன் சட்டத்தின் கண்ணில் உறவினன் அல்லன்! அத்தொகை அவருடைய வருமானத்தில் சேரும். மொத்த வருமானம் விலக்கு வரம்பைக் கடந்தால் வரியும் உண்டு. திருப்பித் தரும் எண்ணம் மெய்யாகவே இருப்பின், வங்கி வழியாகக் கடனாகப் பெற்று எழுதிக்கொள்வது நன்று. கடன் இனாம் ஆகாது.

இனி, வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க எண்ணும் பெற்றோருக்கு ஒரு சொல். அதனைப் பெறும் பிள்ளைக்கு வருமான வரி இல்லை. ஆனால் பிற்காலத்தில் அவ்வீட்டை விற்றால், பெற்றோர் வாங்கிய விலையை அடிப்படையாகக் கொண்டே ஆதாயம் கணக்கிடப்படும். எனவே பழைய பத்திரங்களைப் பத்திரப்படுத்துக. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் செய்யும் ஏற்பாட்டு ஆவணத்துக்கு, 2023 சூலை மாதத்தில் ஏற்பட்ட மாற்றத்தின்படி, முத்திரைத் தீர்வை மதிப்பில் நூற்றுக்கு 1, உச்ச அளவு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1, உச்ச அளவு 10,000 ரூபாய்.

செலவு குறைவென்று அவசரப்படலாகாது. பதிவுசெய்து கொடுத்த வீட்டை நினைத்தபோது திரும்பப் பெற இயலாது. எனவே, "எங்களை இறுதிவரை பராமரிக்கவேண்டும்" என்னும் நிபந்தனையை ஆவணத்திலேயே தெளிவாக எழுதச் செய்க. அறுபது வயது நிறைந்தவர் அவ்வாறு எழுதிக்கொடுத்து, பின்னர்ப் பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அதனை இரத்துச் செய்யத் தீர்ப்பாயத்தை நாடலாம். வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்திட்டு, முதுமையில் வாசற்படியில் நிற்கும் நிலை நம் இல்லங்களில் எவருக்கும் நேராதிருப்பதாக.