நான்கு நிமிட இலாபம்

இலண்டனில் எம்மவர் ஒருவர் இன்னொருவரின் வீட்டு வாசலில் வந்து இறங்கினால், சுகம் விசாரிப்பதற்கு முன்னரே எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. "எந்த வழியால வந்தனீங்கள்?" என்பதே அது. வந்தவர் எந்த வழியைக் கூறினாலும், கேட்டவர் தலையை அசைத்து, அதனிலும் விரைவான வழியொன்று தமக்குத் தெரியும் என்பார். ஈஸ்ற்ஹாமில் ஒரு குடும்பம், ஹரோவில் ஒரு குடும்பம், ரூட்டிங்கில் ஒரு குடும்பம், லூயிஷாமில் ஒரு குடும்பம் எனச் சிதறி வாழும் எமக்கு, ஊரில் ஒரு வேலியைத் தாண்டினால் முடிந்துவிடும் உறவு இங்கே தேம்ஸ் நதியைக் கடந்தும், நோர்த் சேர்க்குலரில் காத்துக் கிடந்தும் பேணப்பட வேண்டியதாயிற்று. ஆகவே வழி பற்றிய இப்பேச்சை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நாம் செய்த ஒரு பயணத்தை இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். ஹரோவில் வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரின் தம்பியார் லூயிஷாம் பக்கத்தில் காலமாகிவிட்டார். அம்மையாரை நாம் அக்கா என்றே அழைப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மண்டபத்தில் கிரியைகள். பத்தரை மணிக்குப் பேழையை மூடவேண்டும். பதினொரு மணிக்குத் தகனம். இந்நாட்டில் தகனசாலைகள் நேரம் குறித்தே இடம் கொடுக்கின்றன. ஒரு குடும்பம் வெளியேற அடுத்த குடும்பம் காத்து நிற்கும். பிந்தி வருபவருக்காகச் சற்றுப் பொறுப்போம் என்று சொல்ல எவராலும் முடியாது.

காலை எட்டேகாலுக்கு அக்காவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நோர்த் சேர்க்குலரால் கிழக்கே சென்று, ரெட்பிரிட்ஜ் சந்தியில் ஏ12 வீதிக்குத் திரும்பி, பிளக்வோல் சுரங்கத்தால் நதியைக் கடப்பது என்பது திட்டம். ஒரு மணி நாற்பது நிமிடம் என்றது கைத்தொலைபேசி. பத்து மணிக்கு முன்னரே சேர்ந்துவிடுவோம், அரை மணி நேரம் கையில் இருக்கின்றது என்று நாம் அக்காவுக்கு உறுதி கூறினோம். அவர் மடியில் ஒரு சிறு பையை வைத்திருந்தார். அதில் வாய்க்கரிசிக்கென வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசி இருந்தது.

பவுண்ட்ஸ் கிறீனை அண்மித்தபோது, அகன்று வந்த வீதி ஒடுங்கியது. வாகனங்கள் நின்றன. எமக்கருகே மஞ்சள் நிற வீட்டுப்பொருள் ஏற்றும் பாரவண்டி ஒன்று நின்றது. அவ்வேளை கைத்தொலைபேசி, இடது பக்கம் திரும்பினால் நான்கு நிமிடம் மிச்சமாகும் என்று அறிவித்தது. நாம் திரும்பினோம். எமக்கு முன்னே ஆறேழு வாகனங்களும் பின்னே அதனிலும் அதிகமானவையும் திரும்பின. அவர்களிடமும் அதே தொலைபேசிதானே இருந்தது! பிள்ளைகளைப் பாடசாலைக்கு விடும் நேரம் அது. ஒரு குறுகிய தெருவில் குப்பை அள்ளும் வாகனம் வீடுவீடாக நின்று சென்றது. இரு மருங்கிலும் நிறுத்தப்பட்ட கார்கள். எதிரே வருபவர் பின்னே செல்லவேண்டும், அல்லது நாம் பின்னே செல்லவேண்டும். இருபது நிமிடங்களின் பின் மீண்டும் நோர்த் சேர்க்குலரில் ஏறியபோது, அந்த மஞ்சள் பாரவண்டி எமக்கு வெகுதூரம் முன்னே போய்க்கொண்டிருந்ததைக் கண்டோம்.

அப்போதாவது எமக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இழந்த நிமிடங்களை மீட்கவேண்டும் என்ற பதற்றத்தில், லெய்ற்ரன்ஸ்ரோனில் ஏ12ஐ விட்டு இறங்கி இரண்டாவது குறுக்கு வழியையும் முயன்றோம். அதன் பின்னர் சுரங்க வாயிலில் வழமையான வரிசை. மண்டபத்தை அடைந்தபோது பத்தே முக்கால். பேழை மூடப்பட்டு வாகனத்தில் ஏற்றப்பட்டிருந்தது. தகனசாலைக்குப் பின்தொடர்ந்து சென்றோம். ஆனால் தம்பியாரின் முகத்தை அக்கா காணவில்லை. பையிலிருந்த அரிசி பையிலேயே இருந்தது. திரும்பி வரும் வழியில் அவர் எம்மை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. "நீர் என்ன தம்பி செய்யிறது, றோட்டெல்லாம் கார்" என்று மட்டும் சொன்னார். குறை கூறியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

நாம் எங்கே தவறினோம் என்று பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்தோம். வழி காட்டும் கருவியைப் பழிப்பது எளிது. அது என்ன செய்கின்றது என்று விளங்கிக்கொள்வதே பயனுடையது. இத்தகைய கருவிகளின் கணக்கு முறைக்கு அடிப்படையாக அமைந்தது எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞரின் சிந்தனையாகும். 1956ஆம் ஆண்டு, அம்ஸ்ரர்டாம் நகரின் தேநீர்ச்சாலை ஒன்றில் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடன் அமர்ந்து கோப்பி அருந்தியபோது, ரொட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழி எது என்ற கேள்வியை எடுத்து, சுமார் இருபது நிமிடத்தில் மனத்திலேயே விடை கண்டதாக அவர் பின்னாளில் கூறினார். 1959இல் அது அச்சில் வெளிவந்தது. புறப்படும் இடத்திலிருந்து மிக அண்மையிலுள்ள சந்தியை முதலில் உறுதிசெய்து, புறப்பட்ட இடத்துக்கு அதற்கடுத்து அண்மையிலுள்ள சந்தி, பின் அதற்கடுத்தது என விரித்துச் சென்றால், சேருமிடம் வரும்போது மிகக் குறுகிய வழி தானாகவே கிடைத்துவிடும். ஒவ்வொரு வீதிக்கும் உரிய அளவு மாறாதிருக்கும்வரை இம்முறை பிழைக்காது. மைல்கள் மாறுவதில்லை. நிமிடங்களோ, நாம் அவ்வீதியில் இறங்கியவுடனேயே மாறத் தொடங்கிவிடுகின்றன.

இதனை விளக்கியவர் ஜோன் வோர்ட்றொப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர். 1952இல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: ஒரே இடத்துக்குச் செல்லப் பல வழிகள் இருந்து, அவற்றுள் ஒன்று விரைவானது என்று எல்லோரும் அறிந்தால், ஒவ்வொருவராக அவ்வழிக்கு மாறுவர். அது நிறைந்து மெதுவாகும். இறுதியில் மக்கள் பயன்படுத்தும் எல்லா வழிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தையே எடுக்கும். எவரும் வழியை மாற்றி இலாபம் காண இயலாத நிலை அது. முன்னர் இந்தச் சமநிலை ஏற்பட வாரங்கள் சென்றன. இன்று எல்லோர் கையிலும் கருவி இருப்பதால் சில நிமிடங்களிலேயே ஏற்பட்டுவிடுகின்றது. அந்த நான்கு நிமிடம், அறிவிக்கப்பட்ட கணத்தில் உண்மையாகவே இருந்திருக்கலாம். நாம் எல்லோரும் சேர்ந்து திரும்பியபோது அது கரைந்துபோயிற்று. பெருவீதி நெரிசலைத் தாங்கும் அளவு அகலமானது. குறுக்குத் தெருவோ ஒரு குப்பை வண்டியையும் தாங்காது.

எமது நண்பர் ஒருவர் 1991 தொடக்கம் இருபது ஆண்டுகள் மினிகப் ஓட்டியவர். பிலிஸ் பியர்சோல் அம்மையார் 1936இல் தொடங்கிய நிறுவனத்தின் ஏ-இசட் வீதிப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்து இந்நகரைக் கற்றவர். அவரிடம் இக்கதையைச் சொன்னபோது அவர் கூறியது எமக்குப் பாடமாக அமைந்தது. "கெதியான வழியையே தேடினனீர்? விமானத்துக்கும் செத்தவீட்டுக்கும் கெதியான வழி தேடக்கூடாது. நம்பக்கூடிய வழியைத்தான் தேடவேணும்" என்றார் அவர்.

இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு வழி நல்ல நாளில் எழுபது நிமிடமும் கெட்ட நாளில் நூற்றைம்பது நிமிடமும் எடுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வழி எந்நாளும் நூறு முதல் நூற்றுப்பத்து நிமிடம் வரை எடுக்கின்றது. உறவினர் வீட்டுக்குத் தேநீர் அருந்தச் செல்பவர் முதல் வழியால் போகலாம். வழக்கு விசாரணைக்கோ, குடிவரவு நேர்காணலுக்கோ, வைத்தியசாலைக்கோ, தகனத்துக்கோ செல்பவர் இரண்டாவது வழியால்தான் போகவேண்டும். பிந்தினால் திரும்பக் கிடைக்காத ஒன்று இருக்குமிடத்தில், சராசரியைப் பார்க்கலாகாது. கெட்ட நாளையே பார்க்கவேண்டும்.

இனி, எமது அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

முதலாவது, புறப்படும் வேளையில் காட்டப்படும் நேரத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். சேரவேண்டிய நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கருவியில் குறித்தால், அந்த வேளையில் வழமையாக எடுக்கும் குறைந்த நேரத்தையும் கூடிய நேரத்தையும் அது காட்டும். கூடியதையே கணக்கில் எடுத்து, அதற்கு மேலும் அரை மணி நேரம் சேருங்கள். ஒரு வாரம் முன்னதாக அதே கிழமை, அதே நேரத்தில் பார்த்துவைப்பதும் நன்று. பாடசாலை விடுமுறைக் காலத்தின் நெரிசலும் பாடசாலைக் காலத்தின் நெரிசலும் ஒன்றல்ல.

இரண்டாவது, சில நிமிட இலாபத்துக்காகப் பெருவீதியை விட்டு இறங்காதீர்கள். வீதி முற்றாக மூடப்பட்டிருந்தால் அது வேறு. 2020க்குப் பின்னர் பல உட்தெருக்களில் குறுக்கே செல்வது தடுக்கப்பட்டு, கமராக்களும் பொருத்தப்பட்டுள்ளன. குறுக்கு வழியின் விலை சில வாரங்களின் பின் தபாலில் வந்து சேரும்.

மூன்றாவது, பவுண் கணக்கையும் பாருங்கள். நகர மையத்துக்கான நெரிசல் கட்டணம் 2003 பெப்ரவரியில் 5 பவுணுடன் தொடங்கியது. 2020இல் 15 பவுணாகியது. பழைய வாகனங்களுக்கான புகைக் கட்டணம் 2019இல் மையத்திலும், 2021இல் இரு சேர்க்குலர் வீதிகளுக்கு உட்பட்ட பகுதியிலும், 2023 ஓகஸ்ட் முதல் இலண்டன் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 7இல் சில்வர்ரவுண் சுரங்கம் திறக்கப்பட்டபோது, அதுவரை இலவசமாயிருந்த பிளக்வோல் சுரங்கத்துக்கும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணம் வந்தது. டார்ட்போர்ட் கடவையில் 2014 முதல் பணம் வாங்கும் வாயில் இல்லை. மறுநாள் நள்ளிரவுக்குள் நாமாகவே செலுத்தவேண்டும். துக்கத்தில் இதனை மறந்து தண்டம் கட்டியோர் எம்மிடையே உளர்.

நான்காவது, நடக்க முடிந்தவர்கள் புகையிரதத்தையும் எண்ணிப் பாருங்கள். ஹரோவிலிருந்து பாதாள இரயிலில் லண்டன் பிரிட்ஜ் சென்று, அங்கிருந்து லூயிஷாமுக்கு இரயில் மாறலாம். வாகனத்தில் முதியோர் செல்லட்டும். கிரியை செய்யவேண்டிய மகன் இரயிலில் முன்னரே போய்ச் சேரட்டும்.

கடந்த ஐப்பசியில் அக்காவின் மைத்துனியார் ஒருவர் தென் இலண்டனில் காலமானார். அம்முறையும் நாமே அழைத்துச் சென்றோம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். வழியில் இரண்டு தடவை கைத்தொலைபேசி குறுக்கு வழி காட்டியது. நாம் அசையவில்லை. மண்டபம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே சேர்ந்துவிட்டோம். குளிரில் காருக்குள் அமர்ந்து, சுடுதண்ணீர்ப் போத்தலில் கொண்டுவந்த தேநீரைப் பகிர்ந்து குடித்தோம். அந்த ஒரு மணி நேரத்தில், காலமான தம்பியாரைப் பற்றி, அவர் சிறு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டது பற்றி, அக்கா எமக்குக் கூறினார். அதுவரை அவர் அதைப்பற்றி எம்மிடம் பேசியதில்லை.

மண்டபம் திறந்ததும் அக்காவே முதலாவதாக உள்ளே சென்றார். கையில் அதே சிறு பை இருந்தது.