புதுக் குருவிக்கு முப்பது நாள்

வெளிநாட்டுக் கப்பல் துறைமுகத்துக்குள் வந்ததும் நேராக ஆளையும் சரக்கையும் இறக்கிவிட முடியாது. மஞ்சள் கொடி ஏற்றி, கப்பலில் நோயில்லை என்று சுகாதார அதிகாரியிடம் ஒப்புதல் வாங்குவது பழைய கடல் மரபு. தூத்துக்குடிக்கு இது புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களை, ஊருக்கு வெளியே தட்டப்பாறை முகாமில் நிறுத்திச் சோதித்த பிறகுதான் அனுப்பினார்கள். கொள்ளைநோய் தோட்டத்துக்கு வந்துவிடுமோ என்று துரைமாருக்குப் பயம். பிற்பாடு அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது. அந்த முகாம்களில் மனிதர்களை நடத்திய விதம் தனிக்கதை, கசப்பான கதை. ஆனால் காத்திருக்க வைத்துப் பார்ப்பதன் பயன் இந்தக் கரைக்கு நூறாண்டுக்கு முன்பே தெரியும்.

அப்படிப்பட்ட ஊரின் மொட்டைமாடிக் கூண்டுகளில் இன்று நடப்பது நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை கடையில் வாங்கிய பின்ச் குருவி ஜோடியை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து, அன்று மாலையே பழைய குருவிகளின் நடுவே திறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பழைய குருவிகள் ஒவ்வொன்றாக இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால், பழி வெயில் மேல் விழுகிறது.

பார்வைக்கு நன்றாக இருக்கும் குருவிதான் ஆபத்து. பெங்காலீஸ் பின்ச்சை எடுத்துக்கொள்ளலாம். நம் மலையடிவாரங்களிலும் வாழும் வெண்முதுகுச் சில்லையின் சீன உறவிலிருந்து, ஜப்பானியர் பல தலைமுறைகளாகப் பழக்கி எடுத்த வீட்டுப் பறவை அது. சாது, யார் முட்டையைக் கொடுத்தாலும் அடைகாத்து வளர்த்துவிடும். அதனாலேயே வடக்கு ஆஸ்திரேலியாவின் கோல்டியன் பின்ச் குஞ்சுகளுக்கு அதைச் செவிலித்தாயாக வைப்பார்கள். காக்ளோசோமா என்றொரு ஒட்டுண்ணி பெங்காலீஸின் குடலில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். அதே ஒட்டுண்ணி ஊட்டிய இரையோடு கோல்டியன் குஞ்சுக்குப் போனால், குஞ்சு மெலிந்து செத்துப்போகும். வளர்த்த தாய் கடைசிவரை துள்ளிக்கொண்டே இருக்கும்.

கோல்டியனை அதிகம் தாக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. காற்றுப்பையிலும் மூச்சுக்குழலிலும் தங்கும் நுண்ணிய உண்ணி. இரவில், ஊர்ச்சத்தம் அடங்கிய பிறகு, குருவியைக் கையில் மெல்லப் பிடித்துக் காதருகே வைத்தால் மூச்சோடு ஒரு ‘டிக், டிக்’ கேட்கும். பாடிக்கொண்டிருந்த ஆண் பாட்டை நிறுத்தும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும். ஆரம்பத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் மருந்து உண்டு. மொத்தக் கூண்டுக்கும் பரவிய பிறகு காட்டினால் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே புதுக் குருவிக்கு முப்பது நாள் தனிமை. வேறு அறை, அல்லது மாடியின் மறுகோடி. வேறு தண்ணீர்க் கிண்ணம், வேறு துடைக்கும் துணி. காலையில் முதலில் பழைய குருவிகளுக்குத் தீனி, பிறகுதான் புதியவற்றுக்கு. இந்த வரிசை மாறக்கூடாது. கீழே விரித்த வெள்ளைத் தாளில் எச்சத்தைத் தினமும் பார்க்கலாம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போடலாம். ஜீப்ரா பின்ச்சின் மொத்த எடையே 12 கிராம் அளவுதான். அதில் இரண்டு கிராம் குறைந்தால் சாதாரண விஷயமல்ல. மாதம் முடிந்ததும் உடனே திறந்துவிடாமல், சிறு கூண்டோடு பெரிய கூண்டுக்குள் நாலைந்து நாள் தொங்கவிட்டால் இரு தரப்பும் முகம் பழகிக்கொள்ளும்.

எந்த இனத்தைச் சேர்ப்பது என்பதில் நிறத்துக்கு முன் குணம். ஜீப்ரா பின்ச் அளவில் சிறிது, ஆனால் அடுத்த ஜோடியின் கூட்டுக்குள் மூக்கை நுழைத்து முட்டையைத் தள்ளிவிடும் துணிச்சல் அதற்கு உண்டு. ஜாவா குருவியின் அலகு பருமன். சின்னக் குருவிகளை இரைத்தட்டுப் பக்கம் அண்டவிடாது. நெருங்கிய உறவுள்ள வளர்ப்புச் சில்லை இனங்களை ஒன்றாக விட்டால் கலப்பினக் குஞ்சுகள் பிறந்து இரண்டு இனமும் கெடலாம். ஜோடிக்கு ஒன்று என்ற கணக்கில் கூட்டுப்பானை கட்டுவது போதாது. குறைந்தது இரண்டு கட்ட வேண்டும். தீனித்தட்டும் ஒன்றுக்கு மேல் வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும். வயல்காட்டுப் புள்ளிச் சில்லை, உப்பள ஓரத்து முட்புதரில் கூட்டமாகத் திரியும் வெண்தொண்டைச் சில்லை, சிவப்புச் சில்லை எதையும் வளர்க்கக் கூடாது. நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1990களின் தொடக்கத்திலிருந்தே தடை. சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று விற்கும் தந்திரம் வடநாட்டுச் சந்தைகளில் பதிவாகியிருக்கிறது. குளிக்கும் தண்ணீர் நிறம் மாறினால் வாங்கியவர் ஏமாந்தார் என்று பொருள். ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான். ஆனால் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், வைத்திருப்பவர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். ஜீப்ராவுக்கும் கோல்டியனுக்கும் அந்தத் தொல்லையில்லை.

“தப்பிப்போனால் போகட்டும், காக்கா கொத்திவிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அதுதான் நடக்கும். எப்போதும் அல்ல. நம் புள்ளிச் சில்லை கூண்டுப் பறவையாகப் போய் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் காட்டுப் பறவையாகிவிட்டது. அந்தக் காக்காவே கப்பலேறிப் போன இனம்தான். குப்பையைத் தின்னட்டும் என்று 1890களில் சான்சிபாருக்குக் கொண்டுபோனார்கள். அவை கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பெருகிப்போக, 2024இல் கென்யா பத்து லட்சம் காக்கைகளைக் கொல்லப்போவதாக அறிவித்தது. வெளியிலிருந்து வந்த உயிரின் கதையை மன்னார் வளைகுடாவும் பார்த்துவிட்டது. வருமானம் தரும் என்று மண்டபம் கரையில் வளர்த்த கப்பாபைகஸ் கடல்பாசி, 2008 வாக்கில் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்திருப்பது தெரியவந்தது. எனவே திறந்தவெளிக் கூண்டுக்கு இரட்டைக் கதவு ஆடம்பரமல்ல. உள்கதவைத் திறக்கும்போது வெளிக்கதவு சாத்தியிருக்க வேண்டும்.

இந்தக் கரைக்கென்று சில கணக்குகள் தனி. உப்புக்காற்று சாதாரணக் கம்பிவலையைச் சீக்கிரம் துருவாக்கிவிடும். எலியும் பாம்பும் நுழைய ஒரு கண் அறுந்தால் போதும். கோடை வெயிலுக்குக் கூரையில் பாதியாவது ஓலை வேய வேண்டும். மழையையும் மறக்கக் கூடாது: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தரையோடு தரையாகக் கட்டிய கூண்டு அதற்கு எந்த மூலைக்கு? வசதிகளும் இங்கேயே கிடைக்கின்றன. விளாத்திகுளம், புதூர் பக்கத்து மானாவாரிக் கரிசலில் தீனிக்கான கம்பும் குதிரைவாலியும் விளைகின்றன. நாட்டுமருந்துக் கடைக்காரர் கடல்நுரை என்று தரும் கணவாய் ஓடு கரையிலேயே ஒதுங்கும். அதைப் பொறுக்கி நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டுக் காயவைத்தால் முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து.

வளர்ப்பவர் மட்டும் திருந்தினால் போதாது. செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவையும், எந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்ற பதிவேட்டையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. நாய்க்குட்டி விற்கும் கடையில் ஆய்வு என்றால் செய்தியாகிறது. நாற்பது குருவிகளை ஒரே கூண்டில் அடைத்து விற்கும் கடையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இனம், வளர்த்தவர், கடைக்கு வந்த தேதி, காலில் ரிங் இருந்தால் அதன் எண்: இந்த நான்கும் எழுதிய ரசீது இல்லாமல் பின்ச் விற்கக்கூடாது என்று கால்நடைப் பராமரிப்புத் துறையும் வாரியமும் சேர்ந்து உத்தரவிடலாம். புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அதுவரை வாங்குபவரே அந்த நான்கையும் கேட்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.