ஏரிக்கும் இடமில்லை, ஏழைக்கும் இடமில்லை

வானத்தில் கருமேகம் திரண்டால் நம் ஊர்ப்பக்கத்து விவசாயி மகிழ்வான். ஈஜிபுராவின் தாழ்வான தெருக்களில் குடியிருப்பவன் அரிசிப் பானையையும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் கட்டில்மேல் ஏற்றி வைப்பான். இரவு ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி, முழங்காலளவு சாக்கடை நீரில் நடந்துதான் தன் வீட்டு வாசலை அடைய வேண்டும். மழைக்கு மழை இதே கதைதான். வெள்ளம் வடிந்ததும் அதிகாரிகள் வருவார்கள், பார்வையிடுவார்கள், போவார்கள். அடுத்த மழைவரை அமைதி!

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. பெங்களூர் பேராறு எதுவும் பாயாத மேட்டு நகரம். அதை உணர்ந்த முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் கோத்து வைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போகும். அந்தக் கால்வாயைத்தான் கன்னடத்தில் ராஜகாலுவே என்கிறார்கள். கோரமங்கலா பள்ளத்தாக்கின் நீரெல்லாம் பெல்லந்தூர் ஏரியை நோக்கி இறங்கும் வழியில்தான் ஈஜிபுரா இருக்கிறது.

அந்த வழியில் என்ன நடந்தது? 1997இல் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிக்கென கோரமங்கலா ஏரி இருந்த இடத்தில் அடுக்கு மாடிகள் எழுந்தன. நமக்குப் பக்கத்திலேயே எஸ்.டி. பெட் லேஅவுட் என்று ஒரு குடியிருப்பு உள்ளது. அந்த எழுத்துக்களின் விரிவு சீனிவாகிலு டேங்க் பெட், அதாவது சீனிவாகிலு ஏரியின் படுகை! பெயர்ப் பலகையே குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் கெம்பேகௌடா பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கு. செல்லகட்டா ஏரியில் கோல்ப் மைதானம். ஊரிலிருந்து ரயிலில் வந்திறங்கி மெஜஸ்டிக்கில் பஸ் பிடிக்கும் நாம் ஒவ்வொருவரும் ஓர் ஏரியின்மேல் நின்றுகொண்டுதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்.

இவற்றையெல்லாம் தூர்த்தவர்கள் குடிசைவாசிகளா? இல்லை. திட்டம் போட்டு, கையொப்பமிட்டு, முத்திரை குத்திச் செய்தவை இவை. ஆனால் வெள்ளம் வந்ததும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் யார் காதில் முதலில் விழுகிறது? கால்வாய் ஓரத்தில் தகரம் வேய்ந்து குடியிருப்பவன் காதில்தான். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பணக்காரர்களின் பங்களாக்களும் மிதந்தன. கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரிகள் டிராக்டரில் ஏறி அலுவலகம் சென்றார்கள். அப்போதுதான் பெரிய கட்டடங்களின் பக்கமும் புல்டோசர் எட்டிப் பார்த்தது. பல இடங்களில் மதிற்சுவரோடு திரும்பியும் விட்டது.

ஈஜிபுரா மக்கள் புல்டோசரை அதற்கு முன்பே நன்கறிவார்கள். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென மாநகராட்சி இங்கே குடியிருப்பு கட்டியது. கட்டடங்கள் உறுதியின்றி இடிந்துபோக, ஏழைகள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2013 ஜனவரியில் போலீஸ் காவலுடன் கொட்டகைகள் தரைமட்டமாக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பாத்திரங்களோடு நடைபாதைக்கு வந்தன. அவர்களில் கணிசமானோர் தமிழ் பேசும் தாழ்த்தப்பட்ட மக்கள். நிலம் சுமார் 15 ஏக்கர். அதில் ஒரு பகுதியில் வணிக வளாகம் எழுப்பத் தனியார் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் ஆகியிருந்தது.

இங்கேதான் நாம் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஏரியைக் காப்பது வேறு, ஏழைக்கு வீடு தருவது வேறு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே பிரச்சினை. மேட்டு நிலத்தில் ஏழைக்கென ஒதுக்கிய இடம் கடைவீதியாக மாறினால், அவன் எங்கே போவான்? வேலை நகரத்துக்குள் இருக்கிறது. வீட்டுவேலைக்குப் போகும் மனைவியும் நகரத்துக்குள்தான் போக வேண்டும். ஆகவே எவரும் விரும்பாத பள்ளத்துக்கும் கால்வாய்க் கரைக்கும்தான் போவான். பிறகு அவனையே ஆக்கிரமிப்பாளன் என்பது என்ன நியாயம்?

இதில் நம் சொந்த ஊரும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. ஈஜிபுராவின் சாக்கடை பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், அதன்பின் தென்பெண்ணைக்கும் போகிறது. பெல்லந்தூர் ஏரியில் 2015இல் நுரை தீப்பற்றி எரிந்ததை உலகமே பார்த்தது. 2017இலும் 2018இலும் மீண்டும் அங்கே தீ மூண்டது. தண்ணீர் எரியும் அதிசயம் நம் காலத்தில்தான் நடந்தது! அந்த ஆறுதான் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூரருகே கடலில் கலக்கிறது. நாம் இங்கே காலால் தள்ளிவிடும் கழிவு, அங்கே நம் அண்ணன் தம்பிகளின் வயலுக்கு மடைவழியே வந்து சேர்கிறது.

வெள்ளத்தில் தவிக்கும் இதே நகரம் 2024 கோடையில் குடிநீருக்கும் தவித்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றின. டேங்கர் லாரிக்காக மக்கள் குடத்துடன் காத்துக்கிடந்தனர். காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்ப் செய்து மேடேற்றுகிறோம். தலைக்குமேல் பெய்யும் மழையைத் தேக்க இடமின்றிச் சாக்கடையில் விடுகிறோம். இதைவிட விந்தை வேறுண்டோ?

சட்டம் இல்லாமலில்லை. ஏரிக்கரையிலிருந்து 75 மீட்டர் இடம் விடவேண்டுமெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஆணையிட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்ய, பழைய 30 மீட்டரே நிலைத்தது. ஏரியின் அளவுக்கேற்ப அதையும் குறைக்க 2025இல் மசோதா கொண்டுவரப்பட்டது. மீட்டரைக் குறைக்கலாம், மழையைக் குறைக்க முடியுமா? ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு இது எளிதில் விளங்கும். பள்ளம் என்பது தண்ணீர் முன்பதிவு செய்த இருக்கை. அதில் நாம் ஏறி உட்கார்ந்துகொண்டால், உரிய பயணி டிக்கெட்டோடு வரும்போது எழுந்துதான் ஆக வேண்டும்.

தென் கொரியாவின் சியோல் நகரில், மூடிப்போன ஓர் ஓடையின்மேல் மேம்பாலச் சாலை ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாலத்தையே இடித்து, சுமார் 6 கிலோமீட்டர் ஓடையை 2005இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கோ 2017இல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். அதன் வெற்றுத் தூண்களைப் பார்த்தபடியே பிள்ளைகள் பள்ளிப் படிப்பில் பல வகுப்புகளைத் தாண்டிவிட்டார்கள்.

பிறரைக் குறை கூறுமுன் நம்மையும் பார்த்துக்கொள்வோம். சென்னையில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. இங்கே நம்மவர் பலர் சீட்டுப் பணத்தையும் மனைவியின் தாலிச் சங்கிலியையும் வைத்து, தரகர் பேச்சை நம்பி ரெவின்யூ சைட் வாங்குகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் மனை ஏன் மலிவு என்று கேட்பதில்லை. அட்வான்ஸ் கொடுக்குமுன் சர்வே எண்ணைக் கேளுங்கள். கிராம வரைபடத்தில் அது ஏரியா, கால்வாயா, புறம்போக்கா என்று பாருங்கள். அரசின் 'திஷாங்க்' செயலியில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். குப்பையைப் பையில் கட்டிக் கால்வாயில் எறியும் கையும் நம் கைதான்.

அரசை நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு ராஜகாலுவேக்கும் எல்லைக் கல் நட்டு, அதன் வரைபடத்தைக் கன்னடத்திலும், தமிழர் மிகுந்த பகுதிகளில் தமிழிலும் தெருமுனையில் வையுங்கள். சாக்கடையை மழைநீர்க் கால்வாயில் விடுவதை நிறுத்துங்கள். இடிப்பதானால் பெரிய கட்டடத்திலிருந்து தொடங்குங்கள். குடிசையை அகற்றுவதானால் மாற்று வீட்டின் சாவியை முதலில் கொடுங்கள். அதுவும் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில். 2013இல் தெருவுக்கு வந்த குடும்பங்களில் வீடு கிடைத்தவர் யார், கிடைக்காதவர் யார் என்று பட்டியல் வெளியிடுங்கள்.

2025இல் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அலுவலகங்கள் கூடியிருக்கின்றன; பொறுப்பும் கூடுமா? ஒரு மாநகராட்சியின் கால்வாய் அடுத்த மாநகராட்சிக்குள் ஓடும். தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது. 'அது எங்கள் எல்லையில் இல்லை' என்ற பதில் இனி எந்த அலுவலக ஜன்னலிலிருந்தும் வரக்கூடாது. அடுத்த மழைக்கு முன் ஆவன செய்யப்படுமா?