கறைபடாத கையும் கேளாத செவியும்

"எந்த அமைச்சர்தான் யோக்கியம்? திட்டம் வந்ததா, சாலை வந்ததா, அதைப் பாருங்கள், மற்றதைக் கிளறாதீர்கள்" என்றொரு வாதம் இந்நாளில் எல்லாக் கட்சிகளின் பாசறைகளிலும் உலவுகிறது. நம் பாசறையிலும் உலவுகிறது. மாற்றார் சொன்னால் மறுத்துவிடலாம். நம்மவரே சொல்லும்போது தலையாட்டிவிட்டுப் போவது கழகத்துக்குச் செய்யும் கேடு. ஆகவே இன்று, நாம் எதிர்த்து நின்ற ஓர் அமைச்சரின் வாழ்வை உங்கள் முன் எடுத்து வைக்கிறேன். அவர் பெயர் கக்கன்!

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிலே, தீண்டத்தகாதோர் என்று தள்ளி வைக்கப்பட்ட குலத்திலே, எளிய குடும்பத்திலே பிறந்தவர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அடியெடுத்து வைத்தவர்களில் ஒருவர். வெள்ளையராட்சியில் சிறை கண்டார். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். 1952இல் நாடாளுமன்றம் புகுந்தார். 1957இல் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவரிடம் வந்தது. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது அத்துறைக்கு அமைச்சர் அவரே. 1962இல் வேளாண்மை, 1963இல் பக்தவத்சலம் முதல்வரானதும் உள்துறை.

பத்தாண்டுக் காலம் அமைச்சர்! அதிலும் அணை கட்டும் துறை, ஒப்பந்தக்காரர் வாயிலில் வரிசை கட்டும் துறை! அதனை ஆண்டவர் பதவி போனபின் வாடகை வீட்டில் வாழ்ந்தார். பேருந்தில் பயணம் செய்தார். நோயுற்றபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் படுத்திருந்தார். அங்கே அவரைக் கண்ட முதல்வர் எம்.ஜி.ஆர். பதைத்துப் போய், வேண்டிய வசதிகளைச் செய்யக் கட்டளையிட்டார். 1981 டிசம்பரில் கக்கன் கண்மூடினார்.

இன்னொன்றும் கேளுங்கள். இன்று அமைச்சர்களின் சொத்துக் கணக்கைத் துருவுகிறதே, கண்காணிப்பு மற்றும் ஊழல் தடுப்புத் துறை, அது தோன்றியது 1964இல். அன்று உள்துறை அமைச்சர் கக்கன். நாளை அத்துறை தம் வீட்டுக் கதவைத் தட்டுமோ என்று அஞ்ச வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

அத்தகைய உத்தமரை 1967இல் மக்கள் ஏன் தோற்கடித்தார்கள்? மேலூரில் அவர் கழகத்தின் ஓ.பி. ராமனிடம் தோற்றாரே, மக்கள் நன்றி மறந்தவர்களா?

அல்ல! விடை வேண்டுவோர் வெளியூர் செல்ல வேண்டாம். இந்த மாவட்டத்து மண்ணைக் கேளுங்கள். 1965இல் தமிழுக்காகக் கீரனூர் முத்து நஞ்சுண்டு மாண்டார். விராலிமலை சண்முகம் நஞ்சுண்டு மாண்டார். சிதம்பரத்தில் மாணவன் ராசேந்திரன் சனவரி 27 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். அரசாங்கம் ஒப்புக்கொண்ட கணக்கிலேயே சுமார் 70 உயிர்கள் அந்தக் கிளர்ச்சியில் பலியாயின. துப்பாக்கியைப் பிடித்தது கக்கனின் கை அல்ல. ஆனால் துப்பாக்கி இருந்த துறை அவர் துறை. அவர் கையிலே கறையில்லை. அவர் அமர்ந்திருந்த ஆட்சிக்கோ செவியில்லை. பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது, தாய்மார்கள் அமைச்சரின் வங்கிக் கணக்கையா பார்ப்பார்கள்?

நாடகம் எழுதுவோருக்குக் கொடியவன் ஒருவன் தேவை. கக்கன் அந்த வேடத்துக்குப் பொருந்த மறுக்கிறார். அதனாலேயே அவரிடம் கற்க வேண்டியது மிகுதி. நேர்மை ஒன்றே போதும் என்று நம்பிய ஆட்சி, மக்களின் குரலைக் கேளாமல் வீழ்ந்தது. இது முதற்பாடம். இதை நாம் மேடைதோறும் சொல்லியிருக்கிறோம். இரண்டாவது பாடத்தைத்தான் சொல்லத் தயங்குகிறோம்.

மக்களின் குரலைக் கேட்டவர்கள் நாம் என்பதனாலே, மக்களின் பணத்தில் கைவைக்க நமக்கு உரிமை வந்துவிடுமா? "திட்டம் வந்ததே, போதாதா?" என்கிறார் நண்பர். ஒப்பந்தத்தில் ஒரு பங்கு கமிஷனாகப் போனால், அந்தப் பங்கு எங்கிருந்து வரும்? ஒப்பந்தக்காரரின் தாய்வீட்டுச் சீதனத்திலிருந்தா? பள்ளிக்கூடச் சுவரின் சிமெண்ட்டிலிருந்து வரும். சாலையின் தாரிலிருந்து வரும். கண்மாய்க் கரையின் உயரத்திலிருந்து வரும்! கண்மாயை நம்பி வாழும் புதுக்கோட்டைச் சீமையிலே, கரையில் குறைந்த ஒரு முழம் மண், ஒரு போக விளைச்சல். திட்டத்தைத் தின்றுவிட்டுத் திட்டத்தைக் காட்டி வாக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

1967இல் சட்டமன்றத்தில் 137 இடங்களைக் கழகத்துக்குத் தந்த மக்கள், கறைபடிந்தவரை விரட்டிவிட்டுக் கறைபடிந்த வேறொருவரைக் கொண்டுவர வாக்களிக்கவில்லை. அண்ணா 1968 சனவரி 23 அன்று இருமொழித் தீர்மானம் தந்தார். ஓராண்டு கழிந்து, 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவர் நமக்கு வைத்துச் சென்ற ஆஸ்தி கொள்கை. அதை அடகு வைக்க எவருக்கும் பாத்தியதை இல்லை.

அமைச்சராயிருந்தவர் வறுமையில் வாட வேண்டும் என்பதன்று நம் கோரிக்கை. கக்கன் பொதுப்பிரிவில் படுத்தது நாட்டுக்குப் பெருமையும் அல்ல; அவரைக் கைவிட்ட சமுதாயத்துக்கு அது வெட்கம். பதவி அவரைப் பணக்காரராக்கவில்லை என்பதே பெருமை.

பதவி மட்டும் பழியைத் துடைத்துவிடாது என்பதையும் அவர் வாழ்வு காட்டுகிறது. மீனாட்சி கோயில் வாயிலை அவர் தாண்டி 83 ஆண்டுகள் சென்றபின், 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்தது கண்டறியப்பட்டது. அதை ஒட்டி, இறையூர்க் கோயிலுக்குள் அம்மக்களை மாவட்ட ஆட்சியர் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பெரியாரின் பெயரைச் சொல்லும் நாம் அன்று தலைகுனிந்தோமா, இல்லையா? தலைகுனிந்தோர் அந்தத் தெருவுக்கு மீண்டும் எத்தனை முறை போனோம்?

தோழர்களே! கிளைக் கழகத்தில் தொடங்கி, பதவி கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "உன் கணக்கை ஊரார் பார்க்கலாமா? ஊராரின் குறையை நீ கேட்பாயா?" இரண்டுக்கும் ஆம் என்பவருக்கு மாலையிடுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஆம் என்பவர், நம் தலைவராகவே இருப்பினும், அவரை மேடையின் கீழே நிறுத்துங்கள். கீரனூர் முத்துவும் விராலிமலை சண்முகமும் கொடுத்த விலைக்கு இதைவிடக் குறைந்த கைம்மாறு ஏற்க முடியாது!